அக்கா அச்சிட விரும்பிய திருத்தம்

1988ஆம் ஆண்டு மார்ச் மாதம் பதின்மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் பத்தரை மணி. பினாங்கு மாநிலத்து நிபோங் திபாலுக்கு வெளியே ஒரு ரப்பர்த் தோட்டத்தில், மாரியம்மன் கோயிலை ஒட்டிய தகரக் கொட்டகையில், எங்கள் அப்பா எழுதிய சிறுகதை ஒன்றை அக்கா வாசிக்கத் தொடங்கினார்.

சென்ற ஆண்டு செப்டம்பரில் நம்மை விட்டுப் பிரிந்த அக்காவின் வாழ்க்கையைப் பிறந்த ஊரிலிருந்து தொடங்கிச் சொல்வதே முறை. நானும் அவ்வாறு எழுதிப் பார்த்தேன். அக்காவின் இறுதி ஆண்டுகளை விளக்க அந்தக் காலைப் பொழுதைவிடப் பொருத்தமான தொடக்கம் எனக்கு அமையவில்லை. ஆண்டுத் திவசத்திற்கு வந்து இந்த நினைவு மலரைப் பெறும் உறவினர்களும் நண்பர்களும் பொறுத்தருள வேண்டும்.

அக்கா பிறந்ததும் அதே தோட்டத்தில்தான், 1949இல். அப்பா அங்கே பெரிய கிராணியார், அதாவது தோட்ட அலுவலகத்தின் தலைமை எழுத்தர். விடியுமுன் தொழிலாளர்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவதும் அவர் பொறுப்பு. அதைப் பெரட்டு என்பார்கள். பெரட்டில் பெயர் விழாதவருக்கு அன்று வேலையும் இல்லை, கூலியும் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பிற எழுத்தர் குடும்பங்களைப் போலவே எங்கள் குடும்பமும் மேட்டில் இருந்த வீட்டில் வாழ்ந்தது. தொழிலாளர் குடியிருந்த லயங்கள் என்னும் வரிசை வீடுகள் பள்ளத்தில் இருந்தன. பெரியண்ணாவும் அக்காவும் ஊரிலிருந்த ஆங்கிலப் பள்ளிக்குக் காரில் சென்றார்கள். லயத்துப் பிள்ளைகள் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கு நடந்து சென்றார்கள். அப்பா ஓய்வு பெற்றுப் பினாங்குத் தீவிலுள்ள ஜார்ஜ்டவுனுக்குக் குடிவந்த பிறகே கடைசிப் பிள்ளையான நான் பிறந்தேன்.

அக்கா கோலாலம்பூரில் இலக்கியம் பயின்று, மேற்படிப்புக்கு இங்கிலாந்து சென்றார். அங்கே ஒரு நூலகத்தில், மலாயாவில் தோட்டத்துரையாக இருந்த ஒருவர் எழுதிய பழைய நூல் அவருக்குக் கிடைத்தது. நம் ஊரை ஒத்த ஆறு, நம் ஊரை ஒத்த மழை, நம்மை ஒத்த மனிதர்கள். துரையின் நாய்கள் மூன்றுக்கும் அந்நூலில் பெயர் இருந்தது. பால்மரம் வெட்டிய, அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்த, தொழிலாளர் ஒருவருக்கும் இல்லை. அன்று தம் ஆய்வுப் பொருளை மாற்றிக்கொண்டதாக அக்கா பலமுறை சொல்லியிருக்கிறார். புலம்பெயர்ந்து வந்தவர்களை இலக்கியம் எவ்வாறு பெயரற்றவர்களாக்குகிறது, ஓர் இனத்தார் மற்றோர் இனத்தாரைப் பார்த்துச் சிரிப்பதற்குக் கதை எவ்வாறு அனுமதி கொடுக்கிறது என்பதே அவருடைய வாழ்நாள் ஆராய்ச்சி ஆயிற்று.

எழுபதுகளின் நடுவில் திரும்பி வந்து பினாங்கிலேயே பல்கலைக்கழக விரிவுரையாளரானார். அவருடைய வகுப்பில் மலாய், சீன, தமிழ் மாணவர்கள் ஒவ்வொரு பகுதியையும் இருமுறை உரக்க வாசிக்க வேண்டும். முதல் முறை எழுதியவராக. இரண்டாம் முறை எழுதப்பட்டவராக. இரண்டாம் வாசிப்பில் குரல் தடுமாறும் இடத்தைத்தான் அக்கா அடிக்கோடிடச் சொல்வார்.

அவர் அத்தோடு நிற்கவில்லை. தம்மைப் பற்றி எழுதப்பட்டதற்குப் பதில் சொல்வதும் மனித உரிமைதான் என்பது அவர் கொள்கை. உண்ணவும் உறங்கவும் உரிமை கேட்பவர்கள் இதை ஏன் கேட்பதில்லை என்று வியப்பார். ஆகவே, தாம் ஆராயும் நூல்களைப் பிரம்புக் கூடையில் எடுத்துக்கொண்டு, படகேறிப் பட்டர்வொர்த்துக்கும் அங்கிருந்து பேருந்தில் தோட்டங்களுக்கும் போவார். ஆங்கிலத்திலிருந்து பேச்சுத் தமிழுக்கு அங்கேயே வாய்மொழியாக மாற்றி, எழுதப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் வாசிப்பார். அவர்கள் சிரித்ததையும் திட்டியதையும் குறித்துக்கொண்டு வருவார். தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் பாலம் கட்டி முடிந்த பின்னரும் படகில்தான் போனார்.

இவ்வளவு நேர்மையான முறையை வகுத்த அக்கா, ஒரே ஒரு கதையை மட்டும் நெடுங்காலம் எங்கும் எடுத்துச் செல்லவில்லை. அது அப்பாவின் கதை.

அப்பா அக்கதையை 1962இல் ஒரு தமிழ் நாளிதழின் ஞாயிறு பதிப்பில் எழுதினார். அதை அறியாதவர் நம் உறவில் இல்லை. அஞ்சலை என்னும் தோட்டப் பெண் சந்தையில் விற்பதற்காக ஒரு கோழியைச் சேலைக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு பெரட்டில் நிற்கிறாள். கோழி கத்துகிறது. ‘என்ன சத்தம்?’ என்று கிராணி கேட்கிறார். ‘வயிறு கத்துது சாமி’ என்கிறாள். பிறகு சேலையிலிருந்து கோழி பறக்க, துரை முதல் கங்காணி வரை அனைவரும் அதைத் துரத்துகிறார்கள். அப்பா தொழிலாளியின் உண்மைப் பெயரையே கதையில் போட்டார். அவர்கள் பத்திரிகை படிப்பார்கள் என்ற எண்ணமே அவருக்கு எழுந்திருக்காது.

அப்பாவின் திவசத்தன்று, மதியச் சாப்பாட்டிற்குப் பின், பெரியண்ணா அக்கதையை உரக்க வாசிப்பது எங்கள் வீட்டு வழக்கம். கோழி வரும் இடத்தில் வீட்டின் கடைசிப் பிள்ளை கொக்கரிக்க வேண்டும். அந்தப் பிள்ளை நான். பதினான்கு வயது வரை கொக்கரித்தேன்; அதன் பின் அந்தப் பொறுப்பு அண்ணாவின் மகனுக்குச் சென்றது. 1983க்குப் பிந்திய ஆண்டுகளில் முற்பகல் முழுவதும் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் எரிந்த வீடுகளைப் பற்றிப் பேசி அழுதோம். மதியம் அதே கூடத்தில், அதே பாயில் அமர்ந்து, அஞ்சலையைப் பார்த்துச் சிரித்தோம். இதை எழுதும்போது எனக்கு ஏற்படும் கூச்சத்தை மறைக்க விரும்பவில்லை.

1988ஆம் ஆண்டுத் திவசத்தில், சிரிப்பு அடங்கியதும், அக்கா அந்தப் பத்திரிகைத் தாளைக் கேட்டார்.

“அப்பாவைப் பற்றி எழுதப் போறியோ?” என்று பெரியண்ணா மகிழ்ந்தார். “எத்தனை வருசமாய்ச் சொல்லுறன்! வெள்ளைக்காரன்ர புத்தகத்தையே கட்டிக்கொண்டு அழுதாய்.”

“முதல்ல தோட்டத்தில வாசிக்க வேணும் அண்ணா. அதுக்குப் பிறகுதான் எழுத்து.”

“வாசி, வாசி. அவையளும் சிரிக்கட்டும்.”

அடுத்த மாதம் அக்காவுடன் நானும் சென்றேன். கொட்டகையில் இளைஞர்களும் முதியவர்களுமாக ஒரு கூட்டம் அமர்ந்திருந்தது. இது தம் தந்தை எழுதியது என்றும், பிடிக்கவில்லையென்றால் தயங்காமல் சொல்ல வேண்டும் என்றும் அக்கா கூறினார்.

“கிராணியார் மவளே சொல்லிட்டாங்க! இன்னிக்கி ஒரு கை பாத்துருவோம்லா” என்றார் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள்.

அக்கா வாசித்தார். அஞ்சலை என்ற பெயர் வந்ததும் சலசலப்பு நின்றது. கிராணி வரிசையில் நடந்து வந்து சத்தத்தைக் கேட்டு நிற்கும் இடம் வந்தபோது, பின்வரிசையில் இருந்த ஆண்களில் ஒருவர் கோழியைப் போலக் கொக்கரித்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லாத் தலைகளும் தூணருகே அமர்ந்திருந்த ஒரு பெண்ணை நோக்கித் திரும்பின. முப்பது வயதைக் கடந்தவர். அவர் பெயர் சரசு என்பது பின்னர் தெரிந்தது.

“ஏன் டீச்சர் நிறுத்திட்டீங்க? படிங்க” என்றார் சரசு. “இல்ல, அடுத்த வரிய நானே சொல்லட்டுமா? ‘வயிறு கத்துது சாமி.’”

“இந்தக் கதை உங்களுக்கு முன்னமே தெரியுமா?”

“தெரியுமாவா? ரெண்டாம் வகுப்புல வாத்தியார் பேப்பரக் கொண்டாந்து சத்தமா படிச்சாரு. நம்ம கிராணியார் எழுதுனதுன்னு அவருக்கு ஒரே பெரும. அன்னிலேருந்து எனக்குப் பேரு கோழி. பள்ளிக்கூடத்த விட்டு நின்னதே அந்தப் பேருனாலதான்.”

“உங்களை ஏன் அப்படி...?”

“அங்க ஏது டீச்சர் கோழி? சேலைக்குள்ள இருந்தது நாந்தான். பொறந்து மூணு வாரம்.”

அவருக்குப் பக்கத்தில் இருந்த முதிய பெண்மணி அவர் கையைப் பிடித்து அழுத்தினார். அவரே அஞ்சலை அம்மையார். “விடு சரசு, செத்தவர் மேல என்னா பேச்சு. நீ உக்காரும்மா. யாராச்சும் இந்தப் புள்ளைங்களுக்குக் குடிக்க ஏதாச்சும் கொண்டாங்கப்பா.”

அக்கா அமரவில்லை. கையில் இருந்த தாளை மடிக்கவும் இல்லை. நடந்ததைச் சொல்லும்படி கேட்டார். சரசு சொன்னார், அம்மையார் இரண்டு இடங்களில் மட்டும் தலையசைத்தார். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா அவ்வளவு சின்னப் பிள்ளையை ஏற்க மறுத்துவிட்டார். வீட்டிலும் ஆள் இல்லை. அஞ்சலை அம்மையார் பிள்ளையை மார்போடு கட்டி, மேலே சேலையைப் போர்த்திப் பெரட்டில் நின்றார். பிள்ளை முனகியது. கிராணி கேட்டார். அம்மையார் சொன்ன பதில், கதையில் உள்ள அதே பதில்தான். எல்லார் முன்னிலையிலும் சேலையை விலக்கச் செய்து, பிள்ளையைப் பார்த்தபின், பெயர் போடாமல் திருப்பி அனுப்பினார் அப்பா.

“உங்களுக்கு நான் என்ன செய்ய வேண்டும்?” என்று அக்கா கேட்டார்.

“பேப்பர்ல வந்துச்சுல்ல? அதே மாதிரி அச்சுலயே மாத்துங்க. கோழி இல்ல, புள்ளனு போடுங்க. வேறொண்ணும் வேணாம்.”

செய்வதாக அக்கா வாக்களித்தார்.

திரும்பும் படகில், “அந்தக் கதையில மிக நல்ல வரி எது?” என்று என்னைக் கேட்டார். நான் தயங்கிச் சொன்னேன். “ஓம். அது அப்பாவின்ர வரி இல்லை” என்றார்.

அவ்வாரமே தமிழில் ஒரு கட்டுரை எழுதி, மூத்தவர் என்ற முறையில் பெரியண்ணாவிடம் காட்டினார். அண்ணா நின்றபடியே வாசித்தார்.

“பதில் சொல்லுற உரிமை எண்டு ஊரெல்லாம் கதைக்கிறாய். அப்பா செத்துப்போனார். அவருக்கு அந்த உரிமை இல்லையோ?”

“அவர் முதலே எழுதிப்போட்டார் அண்ணா.”

“சரி, அம்மா இருக்கிறா. அம்மாவை யோசிச்சியோ? இது வந்தால் அவ கோயிலுக்குப் போகேலுமோ? அம்மா இருக்குமட்டும் இதை வெளியால விடாதை. விட்டியெண்டால் எனக்குத் தங்கச்சி ஒருத்திதான், அது சின்னவள்.”

அக்கா இணங்கினார். கட்டுரையை ஆங்கிலத்தில் மாற்றி, வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்டார். அது பாராட்டப்பட்டது, கருத்தரங்குகளுக்கு அழைப்பு வந்தது. சரசு அவர்களால் அதைப் படிக்க முடியாது. அக்காவும் அதன் பிறகு எத்தனையோ தோட்டங்களுக்குப் போனார். அந்தத் தோட்டத்திற்கு மட்டும் போகவில்லை. “அவைக்கு எழுத வேண்டியதை வேற ஆருக்கோ எழுதிக் கைதட்டு வாங்கிப்போட்டன்” என்று ஒருமுறை சொன்னார். அண்ணாவுடனான பேச்சும் அந்த ஆண்டோடு நின்றது. விட்டுக்கொடுத்த பிறகும் இருவரும் பேசவில்லை என்பதுதான் விந்தை. ஒருவரையொருவர் பார்த்தாலே அந்தத் தாள் நினைவுக்கு வந்திருக்கும்.

அக்கா நோயுற்று மருத்துவமனையில் இருந்த மாதங்களில் பெரியண்ணா நாள்தோறும் மாலையில் கஞ்சி கொண்டு வருவார். அறைக்குள் நுழையமாட்டார், வாசலில் என் கையில் கொடுத்துவிட்டுத் தாழ்வாரத்து நாற்காலியில் இருப்பார். அக்கா ஒரு கரண்டி குடித்துவிட்டு, “உப்புக் கூடிப்போச்சு. அண்ணி வைச்சதில்லை, அண்ணாவே வைச்சிருக்கிறார்” என்பார். பிறகு கிண்ணத்தை வழித்துக் குடிப்பார். கடைசி நாளன்று அண்ணா உள்ளே வந்தார். அக்காவுக்கு அப்போது நினைவு இல்லை.

சென்ற சனிக்கிழமை மாலை, இம்மலரில் எவற்றைச் சேர்ப்பது என்று முடிவு செய்ய எங்கள் வீட்டில் கூடினோம். குடும்பத்தின் இலக்கியப் பாரம்பரியத்தைக் காட்டுவதற்காக அப்பாவின் கதையையும் மறுபதிப்புச் செய்யலாம் என்றார் பெரியண்ணா. அவர் தீய எண்ணத்தோடு சொல்லவில்லை. தந்தையையும் தங்கையையும் ஒரே அட்டைக்குள் சேர்த்துவைக்க அவருக்கு வேறு வழி தோன்றவில்லை என்றே நினைக்கிறேன்.

நான் பொதுவாக அண்ணாவின் எதிரே பேசுவதில்லை. அன்று, “அது கோழி இல்லை” என்று மட்டும் சொன்னேன்.

“அந்தப் பெம்பிளை சொன்னால் சரியோ? ஆர் கண்டது?”

“நான் கண்டனான்” என்றார் அம்மா.

கூடத்தில் இருந்த எவரும் அதை எதிர்பார்க்கவில்லை. அம்மா மடியில் இருந்த பூமாலையைக் கட்டிக்கொண்டே பேசினார்.

“மேட்டு வீட்டுச் சன்னலுக்கால பெரட்டு வடிவாய்த் தெரியும். பிள்ளைதான். சின்னஞ்சிறு பிள்ளை. அப்ப இவள் பெரியவளுக்கு ஆறு வயசு, என்ர சீலையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவள்.”

“பிறகேன் அம்மா எங்களோட சேர்ந்து சிரிச்சனீங்கள்?” என்று பெரியண்ணா கேட்டார். அவர் குரல் அப்படி ஒடுங்கி நான் கேட்டதில்லை.

“அப்பா வாசிக்கேக்க எல்லாரும் சிரிச்சியள். நானும் சிரிச்சன். சிரிச்சுச் சிரிச்சு, கோழியாய்த்தான் இருந்ததோ எண்டும் ஒரு நாள் நினைச்சன்.”

எவரைக் காப்பாற்றுவதற்காக அக்கா தம் வாக்கை மீறினாரோ, அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எவரும் அவரைக் கேட்கவில்லை, எழுதப்பட்டவர்களைத் தேடிப் படகேறிச் சென்ற அக்காவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

பெரியண்ணா எழுந்தார். “நீ எழுதுறதைப் போடு. நன்றி சொல்லுற இடத்தில என்னைச் சேர்க்காதை” என்று சொல்லிவிட்டு, பத்திரிகைத் தாளை எடுத்துக்கொண்டு போனார்.

ஆகவே, அக்கா செய்ய விரும்பியதை இங்கே செய்கிறேன். எங்கள் அப்பா 1962இல் எழுதிய கதையில் கோழி என்று குறிக்கப்பட்டது, பிறந்து மூன்று வாரமே ஆன ஒரு பெண் குழந்தை. அஞ்சலை அம்மையார் விற்பதற்குக் கோழி எதையும் ஒளித்து வைத்திருக்கவில்லை. தம் பிள்ளையைச் சுமந்துகொண்டு வேலைக்கு வந்தார். அவரை அவமதித்ததற்காகவும், அந்த அவமதிப்பைக் கதையாக்கியதற்காகவும், அக்கதையை இத்தனை ஆண்டுகள் சுவைத்துச் சிரித்ததற்காகவும் எங்கள் குடும்பம் தலைகுனிகிறது.

அக்காவைப் பல மாதங்கள் பராமரித்த தாதியர்க்கும், அவருடைய வகுப்புகளை ஏற்று நடத்திய சக விரிவுரையாளர்களுக்கும், இரத்தம் கொடுத்த மாணவர்களுக்கும், இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்த அயலவர்க்கும் எங்கள் நன்றி உரியது. ஒருவர் தம்மைக் குறிப்பிட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். கஞ்சியை மட்டும் குறிப்பிடுகிறேன்.

மேலே உள்ளவற்றை அன்றிரவே எழுதி முடித்தேன். அக்காவின் முறைப்படி, எழுதப்பட்டவர்கள் கேட்காமல் அதை அச்சுக்கு அனுப்பக் கூடாது. மறுநாள் காலை நிபோங் திபாலுக்குச் சென்றேன். தோட்டத்தின் பெரும்பகுதி விற்கப்பட்டுவிட்டது. அஞ்சலை அம்மையாரும் மகளும் இப்போது ஊரிலேயே ஒரு மலிவு விலை வீட்டில் இருக்கிறார்கள். அக்கா காலமானதை அவர்கள் அறிந்திருந்தார்கள். வாசலில் நிற்கவைக்காமல் உள்ளே அழைத்தார்கள். முழுவதையும் வாசித்தேன். பெயர்களை மாற்ற வேண்டுமா என்று கேட்டேன்.

“எதுக்கு மாத்தணும்? உள்ள பேரையே போடுங்க” என்றார் சரசு. “இந்தப் புத்தகத்த யாருக்குக் குடுப்பீங்க?”

“திவசத்திற்கு வரும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும்.”

“அவங்களா என்னையக் கோழினு கூப்பிட்டாங்க? அவங்களுக்கு என்னயத் தெரியவே தெரியாதுலா. கூப்பிட்டவங்கள்லாம் இங்கதான் இருக்காங்க. ஒருத்தி பக்கத்துல, பத்து காவான்ங்கற ஊர்ல இருக்கா. ஒருத்தன் ஜுரு ஊர்ல, நான் வேல பாக்குற ஃபேக்டரிலயே சூப்பர்வைசர். போன வாரங்கூட, எல்லார் முன்னாலயும், ‘ஏ கோழி, ஓவர்டைம் இருக்கியா’ங்கறான்.”

அஞ்சலை அம்மையார், “தேத்தண்ணி ஆறுது, குடிம்மா” என்றார். குடித்தேன். பிறகு எதிரே இருந்த கடைக்குப் போய் ஒரு கட்டு தபால் உறைகள் வாங்கி வந்து, சரசு அவர்களின் மேசையில் அமர்ந்து, அவர் சொல்லச் சொல்ல முகவரிகளை எழுதினேன். உறவினர் அல்லாத சிலருக்கும் இம்மலர் வந்து சேர்வது இதனால்தான்.

முதல் உறையில், இரண்டாம் வகுப்பில் அக்கதையைச் சத்தமாக வாசித்த ஆசிரியரின் பெயரை எழுதச் சொன்னார்.